உதவித்தொகையோடு ஒரு துணையும்: கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு உதவ முன்வருவோருக்கான வழிகாட்டி

ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவுவது என்றால் கட்டணத்தைக் கட்டிவிடுவது என்றே நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றின் வாசலுக்குப் போகிறவர், அங்கே கட்டணம்தான் மிகச் சிறிய செலவு என்பதை அறிந்து திகைப்பார். பாடங்களின் அளவை யூனிட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள்; மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் இந்தத் தொகை மாறவில்லை. முழுநேர மாணவர் ஒரு பருவத்தில் எடுக்கும் 12 யூனிட்டுகளுக்கு 552 டாலர் ஆகும். வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கு அதையும் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்ற திட்டத்தின் மூலம் மாநிலமே தள்ளுபடி செய்துவிடுகிறது. அப்படியிருந்தும் மாணவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வாடகையும், பெட்ரோலும், பாடப்புத்தகமும், வேலை நேரமும் ஒரு பக்கம் அழுத்துகின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்று சிக்கலாகும்போது யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத தவிப்பு மறுபக்கம் அழுத்துகிறது. பணத்தை மட்டும் கொடுத்தால் முதல் பக்கத்தில் ஒரு பகுதிதான் தீரும்.

சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தம் வீட்டருகே உள்ள கல்லூரியின் மாணவருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று எண்ணி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் தெருவைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள் சேர்ந்து சில ஆண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவருகிறோம். தொடக்கத்தில் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அவை எளிதில் தவிர்க்கக்கூடியவை.

முதல் படி: கல்லூரியையும் மாணவரையும் அறிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழிற்பயிற்சி தரும் சிறு நிறுவனம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய ஜூனியர் காலேஜ்தான் இன்றும் இயங்கிவரும் இவ்வகைப் பொதுக் கல்லூரிகளில் மூத்தது. இங்கே இரண்டாண்டுப் பட்டம் பெறலாம், தொழிற்சான்றிதழ் பெறலாம், அல்லது பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை முடித்துப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிச் செல்லலாம். நுழைவுத் தேர்வோ மதிப்பெண் வரம்போ கிடையாது. கலிஃபோர்னியாவில் மட்டும் இத்தகைய கல்லூரிகள் 116 உள்ளன. கூப்பர்ட்டினோவில் டி ஆன்சா, ஃப்ரீமான்ட்டில் ஓலோனி, ஹேவர்டில் ஷபோ என்று நம்மவர் அன்றாடம் காரில் கடந்துபோகும் வளாகங்கள் இவைதாம்.

முதல் தலைமுறை மாணவர் என்ற சொல்லிலும் ஒரு கவனம் தேவை. தமிழ்நாட்டின் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அமெரிக்கக் கூட்டரசின் சட்டம் பெற்றோரை மட்டுமே பார்க்கிறது: தாய், தந்தை இருவருமே நான்காண்டுப் பட்டம் பெறாதவராக இருந்தால் மாணவர் முதல் தலைமுறையினர். ஒரே பெற்றோரிடம் வளர்ந்தவரானால் அந்த ஒருவரின் படிப்பு மட்டுமே கணக்கு. ஆகவே அக்காள் கல்லூரி முடித்திருக்கிறாள் என்பதற்காக ஒரு மாணவரை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

இந்த மாணவர்களின் நிலை நமக்கு அந்நியமானதன்று. இங்கே மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் தமிழரில் எத்தனையோ பேர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தந்த பள்ளி ஆசிரியரோ, கலந்தாய்வுக்குக் கூட வந்த ஒன்றுவிட்ட அண்ணனோ, விடுதிக்குப் பெட்டியைத் தூக்கி வந்த பக்கத்து வீட்டு மாமாவோ இல்லாமல் நம்மில் பலர் இங்கே வந்திருக்க மாட்டோம். அந்த ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்த ஆளாக இருப்பதுதான் இந்தப் பணியின் பாதி.

இரண்டாம் படி: உங்கள் பணத்துக்கு முன்னால் அரசின் பணம்

புதிதாக வருகிறவர்கள் நேராகக் காசோலை எழுதத் தொடங்கிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் ஒரு மாணவரை நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்ஸாவின் முன் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கூட இருந்தால், உங்களால் ஒருபோதும் கொடுக்க இயலாத தொகை அவருக்குக் கிடைக்கக்கூடும். அதன் வழியாகவே கூட்டரசின் பெல் மானியம் வருகிறது. 2025-26 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 7,395 டாலர். கால் கிராண்ட் என்ற மாநில மானியம், கட்டணத் தள்ளுபடி, வளாகத்துக்குள் வேலை தரும் வொர்க் ஸ்டடி ஆகியவற்றுக்கும் அதே விண்ணப்பம்தான் வாசல். குடியேற்ற ஆவணங்கள் இல்லாத மாணவர், ஏபி 540 என்ற 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தகுதிகளை நிறைவுசெய்தால், கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பத்தின் மூலம் மாநில உதவியைப் பெறலாம். இதில் மட்டும் நீங்களாக யோசனை சொல்ல முற்படாமல், அதற்கென்று கல்லூரியில் பயிற்சி பெற்றிருக்கும் அலுவலரிடம் மாணவரை அழைத்துச் செல்லுங்கள். தவறான ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தையே கலங்கடித்துவிடும்.

ஃபாஃப்ஸா வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். கால் கிராண்டுக்கு முதன்மைக் கெடு வழக்கமாக மார்ச் 2. சமுதாயக் கல்லூரி மாணவருக்கு மட்டும் செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பு உண்டு. மாணவருக்கு ஒன்றும், விவரம் தர வேண்டிய பெற்றோருக்கு ஒன்றுமாகத் தனித்தனிக் கணக்குத் தொடங்க வேண்டும் என்பது பலர் தடுக்கி விழும் முதல் இடம். பெற்றோரின் இரண்டாண்டுக்கு முந்தைய வருமான வரி விவரம்தான் கேட்கப்படும் என்பது இரண்டாவது இடம். அந்த ஆண்டில் தந்தைக்கு வேலை இருந்திருக்கும், இப்போது இருக்காது. படிவம் அதை அறியாது. அப்படிப்பட்ட நிலையில் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுத்து மூலம் முறையிட்டால் அவர்கள் சான்றுகளைப் பார்த்துக் கணக்கைத் திருத்த அதிகாரம் பெற்றவர்கள். இந்த அதிகாரம் இருப்பதை மாணவர்கள் அறிவதில்லை. படிவத்தை அனுப்பிய பிறகும் சிலரிடம் சரிபார்ப்புக்காகக் கூடுதல் ஆவணங்கள் கேட்டு மின்னஞ்சல் வரும். அதைத் திறந்து பார்க்காமலும், பார்த்தும் அஞ்சி விட்டுவிடுவதாலும் இழக்கப்படும் பணம் கொஞ்சமன்று. வாரம் ஒருமுறை கல்லூரி மின்னஞ்சலைத் திறந்தாயா என்று கேட்பது உங்கள் கடமைகளில் ஒன்று.

இதே கட்டத்தில் ஈஓபிஎஸ் திட்டத்தையும் அறிமுகப்படுத்துங்கள். 1969-இல் மாநிலச் சட்டத்தால் உருவான இத்திட்டம், வருமானமும் கல்வி வாய்ப்பும் குறைந்த மாணவருக்குப் புத்தக உதவி, பாடங்களில் முன்கூட்டியே பதிவுசெய்யும் உரிமை, தனி ஆலோசகர் ஆகியவற்றைத் தருகிறது. பதிலுக்கு ஒரு பருவத்தில் மூன்று முறை ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்று விதிக்கிறது. அந்த விதிதான் இத்திட்டத்தின் சிறப்பு என்பது என் கருத்து. கேட்கத் தயங்குகிற பிள்ளையைக் கேட்க வைக்க ஒரு விதி தேவைப்படுகிறது.

பணத்தை இழக்கும் வழிகளையும் மாணவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்த யூனிட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை முடிக்காவிட்டாலும், ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரி 2.0-க்குக் கீழே இறங்கினாலும் கூட்டரசின் உதவி நின்றுபோகும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் நடைமுறை. நோய், குடும்பத்தில் இறப்பு போன்ற காரணம் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். பருவத்தில் 60 விழுக்காட்டு நாட்கள் கழியும் முன்பே எல்லாப் பாடங்களையும் கைவிட்டால் பெல் மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அக்டோபரில் மனமுடைந்து படிப்பை விட்டுவிடும் மாணவர், அடுத்த ஆண்டு திரும்பி வர விரும்பும்போது, கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய கடன் வாசலில் நிற்பதைக் காண்கிறார். கைவிடும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் ஒரு பாடத்தையாவது வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் படி: உதவித்தொகையை அமைத்தல்

அநேகமாக ஒவ்வொரு கல்லூரிக்கும் நன்கொடைகளைப் பெற்று நிர்வகிக்கும் அறக்கட்டளை ஒன்று உண்டு. தனியாக ஒரு சங்கத்தைப் பதிவுசெய்து அலைவதைவிட, அதன் மூலம் கொடுப்பதே புதியவர்களுக்கு நல்லது: வரிவிலக்கு கிடைக்கும், விண்ணப்பங்களை அவர்களே பெற்றுத் தொகுப்பார்கள், ஊழியர் கொடுப்பதற்கு ஈடாக உங்கள் நிறுவனம் இணைநன்கொடை தருவதானால் அதையும் பெறலாம். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முடிவு உங்கள் கையில் இராது. குழுவில் ஓர் இடம் வேண்டுமானால் கிடைக்கலாம். நன்கொடையாளர் தமக்கு வேண்டியவருக்குக் கொடுத்துவிடாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது என்பதால் அதை மதித்து நடக்க வேண்டும்.

தமிழ் மாணவருக்கு மட்டும் என்று நிபந்தனை வைக்க முடியுமா என்று நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 209-ஆம் முன்மொழிவு, இனத்தையோ பூர்விகத்தையோ வைத்துப் பொதுக் கல்லூரிகள் முன்னுரிமை தருவதைத் தடுத்திருக்கிறது. முதல் தலைமுறையினர், வருமானம் குறைந்தவர், பகுதிநேர மாணவர், செவிலியர் படிப்புக்குத் தயாராகிறவர் போன்ற நிபந்தனைகளுக்கு அத்தகைய தடை இல்லை. எனக்கு இதில் வருத்தமும் இல்லை. இந்தக் கல்லூரிகளில் உதவி வேண்டி நிற்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ பிலிப்பைன்ஸிலிருந்தோ வந்த குடும்பங்களின் பிள்ளைகள். நாம் வாழும் ஊரின் பிள்ளைகள்.

தொகை எவ்வளவு என்பதைவிட எப்போது, எப்படி என்பதுதான் முக்கியம் என்பதை நாங்கள் பட்டு அறிந்தோம். எங்கள் முதல் உதவித்தொகை ஏப்ரலில் விழா எடுத்து அறிவிக்கப்பட்டது. பணம் மாணவியின் கைக்கு வந்தது அக்டோபரில். ஆகஸ்ட் இறுதியில் வகுப்பு தொடங்கியபோது, வேதியியல் பாடத்தின் இணைய வீட்டுப்பாடத்துக்கான அணுகல் குறியீட்டை வாங்க அவளிடம் பணமில்லை. மூன்று வாரம் வீட்டுப்பாடம் தராமல் பின்தங்கி, அந்தப் பாடத்தையே கைவிட்டாள். எங்கள் பணம் வந்தபோது அதற்கு வேலை இல்லை. அவள் யாரிடமும் கேட்கவில்லை. நாங்களும் யார் என்றே அவளுக்குத் தெரியாது. அந்த ஆண்டுக்குப் பிறகு எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்தோம்: தொகையில் பாதி வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே தரப்பட வேண்டும், மறுபாதி அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில். அறக்கட்டளைகள் இத்தகைய ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்கின்றன, கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நிபந்தனைகளை வகுக்கும்போது உயர்ந்த ஜிபிஏ கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 3.5 கேட்டால், வாரத்தில் முப்பது மணி நேரம் கடையில் வேலை செய்துகொண்டு 2.7 வாங்கும் மாணவர் விண்ணப்பிக்கவே மாட்டார். அவருக்குத்தான் உங்கள் பணம் வேலை நேரத்தைக் குறைத்துத் தரும். முழுநேர மாணவர் மட்டும் என்று எழுதாதீர்கள், ஏனென்றால் இக்கல்லூரிகளில் பகுதிநேரமாகப் படிப்பவர்கள் ஏராளம். விண்ணப்பக் கட்டுரையில் உன் வாழ்க்கையின் துன்பத்தை விவரி என்று கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் தாயின் வறுமையை அறியாதவர்களுக்கு எழுதிக் காட்டித்தான் ஐநூறு டாலர் பெற வேண்டும் என்பது நியாயமாகாது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்ய நினைக்கிறாய், அதற்கு என்ன தடையாக இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் கேட்டால் போதும். இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் கேட்பதும் வேண்டாம். ஆசிரியரை அணுகத் தெரியாத மாணவரை அதுவே வடிகட்டிவிடும்.

உங்கள் உதவித்தொகை மாணவரின் மற்ற உதவியைத் தின்றுவிடாமல் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து பணம் வந்ததும் கல்லூரி தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. கலிஃபோர்னியா 2022-இல் இயற்றிய ஏபி 288 சட்டம், பெல் மானியத்துக்கோ ட்ரீம் ஆக்ட் உதவிக்கோ தகுதியுள்ள மாணவரைப் பொறுத்தவரை இதைத் தடுத்திருக்கிறது. ஆனால் எல்லா உதவிகளும் சேர்ந்து கல்லூரியின் படிப்புச் செலவு மதிப்பீட்டைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பீட்டில் வாடகை, உணவு, போக்குவரத்து எல்லாம் அடங்கும் என்பதால் சமுதாயக் கல்லூரி மாணவருக்குப் பொதுவாக இடம் இருக்கும். வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை: கட்டணம், புத்தகம், கட்டாயக் கருவிகள் ஆகியவற்றுக்குச் செலவிடும் உதவித்தொகைக்கு வரி இல்லை, வாடகைக்கும் உணவுக்கும் செலவிடும் பகுதி மாணவரின் வருமானமாகக் கருதப்படும். இதை மாணவருக்கு ஜனவரியில் நினைவூட்டுங்கள்.

நிரந்தர நிதியமாக வைப்பதா, ஆண்டுதோறும் கொடுப்பதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுதோறும் கொடுங்கள். 25,000 டாலரை முதலீடு செய்து 4 விழுக்காடு எடுத்தால் ஆண்டுக்கு ஆயிரம் டாலர்தான் வரும். அதே தொகையை ஐந்து ஆண்டுகளில் நேரடியாகக் கொடுத்தால் ஆண்டுக்கு ஐயாயிரம். எந்த நிபந்தனை சரி, எந்த நேரம் சரி என்று கற்றுக்கொள்ளும் முன் என்றென்றைக்குமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அவசரம். இதோடு ஒரு சிறு தொகையை அவசர உதவிக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள். காரின் பேட்டரி செத்துப்போவதும், மடிக்கணினி விழுந்து உடைவதும் விண்ணப்பக் கெடுவுக்குக் காத்திருப்பதில்லை.

நான்காம் படி: ஆளாக நிற்பது

பணத்தோடு ஆளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏசாப் திட்டம் நல்ல சான்று. 2007-இல் தொடங்கிய அத்திட்டம், முழுநேரம் படிக்கும் சமுதாயக் கல்லூரி மாணவருக்குப் பயண அட்டையும் புத்தகமும் தந்ததோடு, குறைந்த எண்ணிக்கையிலான மாணவரை மட்டுமே கவனிக்கும் ஆலோசகரை ஒவ்வொருவருக்கும் ஒதுக்கி, அவரை அடிக்கடி சந்திக்க வைத்தது. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றோர் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காடு, இல்லாதவர்களில் 22 விழுக்காடு. பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்திலிருந்து இதையே காட்டுகிறது. பேஸ்புக் நட்புகளின் தரவைக் கொண்டு அமெரிக்கா முழுவதையும் ஆராய்ந்த அவர்கள், ஓர் ஊரில் ஏழைகளுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் இடையே நட்பு எந்த அளவுக்கு உண்டோ அந்த அளவுக்கு ஏழைப் பிள்ளைகள் வளர்ந்தபின் முன்னேறுவதைக் கண்டார்கள்.

இந்த எண்ணத்தை ஆய்வுகளுக்கு வெகு முன்பே செய்து காட்டியவர்கள் நம் பக்கத்து ஊரில் இருந்தார்கள். 1981-இல் ஹேவர்டின் ஷபோ கல்லூரியில் ஆங்கில ஆசிரியரான பட்ரீஷியா மக்ராத்தும் மாணவர் ஆலோசகரான ஃபெலிக்ஸ் கலாவிஸும் புவென்டே திட்டத்தைத் தொடங்கினார்கள். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் பாலம் என்று பொருள். எழுத்துப் பயிற்சி வகுப்பு, தொடர்ந்த ஆலோசனை, வேலையில் இருக்கும் ஒருவரின் வழித்துணை என்ற மூன்றையும் அவர்கள் ஒன்றாகக் கோத்தார்கள். உங்கள் கல்லூரியில் இத்திட்டமோ, முதல் தலைமுறையினருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் துணைநிற்கும் கூட்டரசின் ட்ரியோ திட்டமோ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் புதிதாக எதையும் தொடங்காமல் அவர்களிடம் உங்களை ஒப்படையுங்கள். அறிமுகமாவதற்கு நல்ல நாள் நவம்பர் 8. 1965-இல் அந்த நாளில்தான் அதிபர் ஜான்சன், டெக்சாஸில் தாம் படித்த கல்லூரியில் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2017 முதல் கல்லூரிகள் அதை முதல் தலைமுறை மாணவர் நாளாகக் கொண்டாடுகின்றன. அன்றைக்குத் தங்கள் கதையைச் சொல்ல ஆட்களைத் தேடுவார்கள். செப்டம்பரிலேயே எழுதிக் கேளுங்கள்.

ஒரு மாணவர் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டால் முதல் சந்திப்பை வளாகத்துக்குள்ளேயே, பகல் நேரத்தில், நாற்பது நிமிடத்துக்கு வையுங்கள். உங்கள் வெற்றிக் கதையை அன்று சொல்ல வேண்டாம். இந்தப் பருவத்தில் எந்தப் பாடம் பயமாக இருக்கிறது, வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை, வீட்டில் படிக்க இடம் உண்டா என்று கேளுங்கள். அடுத்த சந்திப்பின் தேதியைக் குறித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தால் அந்தப் பிள்ளை ஒருநாளும் கூப்பிடாது. தொந்தரவு செய்யக் கூடாது என்றே வளர்க்கப்பட்டிருக்கும். நீங்கள்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு திட்டவட்டமான கேள்வியோடு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். மொத்தமாக நலமா என்று கேட்டால் நலம் என்றே பதில் வரும். புள்ளியியல் தேர்வுத் தாள் கைக்கு வந்ததா என்று கேட்டால் உண்மை வரும்.

எங்கள் அனுபவத்தில் வழித்துணை செய்யும் வேலைகளில் மிகப் பெரியது, பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்கு மாணவரை அனுப்பிவைப்பதுதான். பாடத்திட்டத் தாளில் குறிக்கப்பட்டிருக்கும் அந்த நேரம் தவறு செய்தவர்களைக் கண்டிப்பதற்கானது என்று எண்ணியிருந்த மாணவரை நான் சந்தித்திருக்கிறேன். என்ன கேட்பது என்று தெரியாமலும் போகமாட்டார்கள். ஆகவே மூன்று கேள்விகளை அவரோடு உட்கார்ந்து தாளில் எழுதுங்கள், முதல் முறை கதவு வரை கூடச் செல்லுங்கள். ஒரு பேராசிரியருக்கு அவர் பெயர் தெரிந்துவிட்டால் பிற்காலத்துப் பரிந்துரைக் கடிதமும் ஆய்வு உதவியாளர் வேலையும் அங்கிருந்தே பிறக்கும்.

அடுத்து உங்கள் தொடர்புகளைத் திறந்துவிடுங்கள். செவிலியராக விரும்பும் மாணவியை மருத்துவமனையில் வேலை பார்க்கும் உங்கள் தோழியோடு அரைமணி நேரம் பேச வையுங்கள். கணினி படிக்கும் மாணவரை உங்கள் அலுவலக உணவகத்துக்கு ஒரு நாள் மதியம் அழைத்துச் செல்லுங்கள். வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். அறிமுகம் செய்து வைத்தபின், நன்றி தெரிவித்து மின்னஞ்சல் எழுதும் முறையைக் காட்டிக்கொடுங்கள். நம் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்கிற இத்தகைய சிறு பழக்கங்களை இவர்களுக்கு ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லைகளும் உண்டு. 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, மாணவரின் அனுமதி இல்லாமல் மதிப்பெண்ணையோ வருகையையோ கல்லூரி உங்களிடம் சொல்லாது; பொதுவாகப் பெற்றோரிடமும் சொல்லாது. ஆகவே அலுவலகத்துக்கு நீங்கள் தனியே போய் விசாரிக்காமல், மாணவரோடு சேர்ந்து சென்று அவரையே பேச விடுங்கள். கையிலிருந்து கடன் கொடுக்காதீர்கள். கொடுத்தபின் அந்தப் பிள்ளை உங்களைச் சந்திக்க வெட்கப்பட்டு விலகிவிடும். பசியோ தங்குமிடச் சிக்கலோ தெரியவந்தால் வளாகத்தின் அடிப்படைத் தேவைகள் மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மாநிலத்தின் ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியிலும் அத்தகைய மையம் இருக்க வேண்டும் என்பது விதி. உதவித்தொகை விழாவில் மாணவரை மேடையேற்றி உங்களுக்கு நன்றி சொல்ல வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள். அதற்குப் பதிலாகக் குடும்பத்தை விருந்துக்கு அழைக்கலாம். வேலை முடிந்து வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமை மாலையில், மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொண்டு, மகள் ஏன் இரவு ஒன்பது மணி வரை நூலகத்தில் இருக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தாய்க்கு விளக்கிய அன்று, அந்த மாணவியின் படிப்புக்கு நாங்கள் கொடுத்த பணத்தைவிடப் பெரிய உதவி நடந்தது என்று நம்புகிறேன்.

ஐந்தாம் படி: மாறிச் செல்லும் ஆண்டு

பல்கலைக்கழகத்துக்கு மாறும் கட்டத்தில்தான் தேதிகள் மாணவரைக் கவிழ்க்கும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளம் காட்டும்; முதல் பருவத்திலேயே அதைத் திறந்து பாருங்கள், இரண்டாம் ஆண்டில் பார்த்துப் பயனில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் டேக் என்ற சேர்க்கை உறுதியைத் தருகின்றன. அதற்கான விண்ணப்பத்தைச் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டுமே அனுப்ப முடியும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ வளாகங்கள் இதில் இல்லை. பொது விண்ணப்பம் நவம்பர் முடிவை ஒட்டி மூடும். வருமானம் குறைந்தவருக்கு நான்கு வளாகங்கள் வரை விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடியாகும். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போக விரும்புவோருக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய மாற்றுச் சேர்க்கைக்கான இரண்டாண்டுப் பட்டம் நல்ல வழி. மிகச் சிறந்த மாணவரானால் ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையின் மாற்றுச் சேர்க்கை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். ஆண்டுக்கு 55,000 டாலர் வரை கிடைக்கக்கூடியது அது.

மாறிச் செல்லும் முதல் ஆண்டிலும் உங்கள் உதவித்தொகை தொடரும்படி ஒப்பந்தத்தை எழுதுங்கள். புதிய ஊர், புதிய வாடகை, பழைய ஈஓபிஎஸ் ஆலோசகர் இல்லாத வளாகம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் மாறும் ஆண்டு அது. சேர்க்கைக் கடிதம் வந்ததும் கொண்டாடிவிட்டு நாமும் ஓய்ந்துவிடுகிறோம், வேலையோ அப்போதும் முடிவதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் சேரும் விருப்பத்தை ஜூன் 1-க்குள் பதிவுசெய்ய வேண்டும். இறுதி மதிப்பெண் பட்டியல் ஜூலை 1-க்குள் புதிய பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், இரண்டு மூன்று கல்லூரிகளில் பாடம் எடுத்திருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே போக வேண்டும். கோடையில் முழுநேர வேலைக்குப் போய்விட்ட மாணவருக்கு அந்த ஜூன் கடைசி வாரத்தில் நீங்கள் அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தி ஒன்றே: எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் மதிப்பெண் பட்டியல் போய்விட்டதா?